திட்டு வாங்கிய பெண் மறுபடி பரிசோதனைக்கு வரவில்லை

காரைக்குடிக்கு அருகில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் 11 ஆண்டுகளாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பொறுப்பிலுள்ள ஊரில், இரண்டாவது முறை கருவுற்ற 24 வயதுப் பெண் ஒருவர் ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு மாமியாருடன் வந்திருக்கிறார். ஹீமோகுளோபின் 8.9 கிராம், அதாவது இரத்தசோகை. பேசும்போது கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டே பேசியதால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், உள்ளே புகையிலை. "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இந்தக் கருமத்தைப் போடுறியே, ஒனக்கு அறிவு இருக்கா?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டிருக்கிறார். அதன்பின் இரண்டு மாதங்களாக அந்தப் பெண் பரிசோதனைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் "தூங்குது" என்று மாமியார் பதில் சொல்கிறார்.

இதற்கிடையில், கர்ப்பிணிகளும் புதிதாகப் பெற்றோர் ஆனவர்களும் புகையிலையை விடுவதற்கு எப்படி உதவுவது என்று 25 பேருக்கு ஒரு பிற்பகல் பயிற்சி நடத்தும்படி வட்டார மருத்துவ அலுவலர் அவரிடம் சொல்லியிருக்கிறார். செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வீடு தேடி வரும் மகளிர் தன்னார்வலர்கள், ஒரு சுகாதார ஆய்வாளர் ஆகியோர் அதில் கலந்துகொள்வார்கள். "எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் பீடி, சிகரெட் குடிப்பதில்லை, புற்றுநோய்ப் படங்களைக் காட்டினால் போதுமா? பழக்கத்தைத் தாய் சேய் நல அட்டையில் எழுதலாமா? புகையிலைக்குப் பதிலாக நிகோடின் சூயிங்கம் கொடுக்கலாமா? ஒரு பெண்ணையே விரட்டிவிட்ட நான் மற்றவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொன்னதில் மருத்துவப் பிழை எதுவும் இல்லை. ஆனால், தன் பழக்கம் வெளியே தெரிந்துவிட்டதே என்று கூசி நின்ற ஒருவரை, யாரிடமிருந்து அதை மறைக்க நினைத்திருப்பாரோ அந்த மாமியாரின் முன்னாலேயே நிறுத்திவைத்துச் சொன்னீர்கள். கடிதத்தின் நடுவில், "மாமியார் இடுப்பிலும் ஒரு வெற்றிலைச் சுருக்குப்பை இருந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே கடந்து போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் புகையிலை அந்தப் பையிலிருந்தே வந்திருக்கலாம். அப்படியானால், திட்டு வாங்கியவர் ஒருவர், திட்டைக் கேட்டுக்கொண்டு மௌனமாக நின்ற பங்காளி இன்னொருவர். இந்த அனுபவத்தைப் பெயர், ஊர் சொல்லாமல் பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இதைப் போன்ற ஒரு பெண் நினைவுக்கு வருவார்.

கேள்வி சரியாக இருந்தால்தான் பதில் கிடைக்கும்

"எங்கள் பக்கத்துப் பெண்கள் புகைப்பதில்லை" என்பது பெரும்பாலும் உண்மைதான். 2016-17ஆம் ஆண்டின் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். ஆனால், மெல்லுதல், பல்லில் தேய்த்தல், மூக்கில் இழுத்தல் என்று புகையில்லாத வழிகளில் பயன்படுத்தும் பெண்கள் அதே கணக்கெடுப்பில் 12.8 சதவீதம். அதாவது, புகை பிடிப்பதை மட்டும் விசாரிக்கும் பதிவேட்டில் ஆறு பெண்களுக்கு மேல் விடுபட்டு ஒருவர் மட்டும் அகப்படுகிறார்.

நானும் என் பணியின் தொடக்கத்தில் "புகைப்பழக்கம்" என்ற கட்டத்தில் மாதக்கணக்கில் "இல்லை" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரல் நுனியில் காய்ந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு, "வெத்தலை போடுவியா ஆத்தா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஆமா டாக்டரம்மா, சோறு தின்னதுக்கப்புறம் ரெண்டு வேளை, கொஞ்சம் போயிலையோட" என்றார். அவருக்கு அது பழக்கமாகவே தோன்றவில்லை. சாப்பாட்டின் கடைசிப் பகுதியாகத்தான் தோன்றியது. அதற்கு முந்தைய மாதம் அவருடைய அட்டையில் "இல்லை" என்று எழுதியவள் நான்தான்.

ஆகவே, உங்கள் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது கேட்கும் முறை. "எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்" என்று தொடங்கி, வெற்றிலை போடுவது உண்டா, அதில் போயிலை சேர்ப்பது உண்டா, பல்பொடி, மூக்குப்பொடி, கடையில் தொங்கும் பாக்கெட் ஏதாவது உண்டா, வீட்டில் யார் பீடி குடிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். உண்டா, இல்லையா என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பதுதான் சுலபமான பதில். "இப்பவும் போடுறீங்களா, மாசமானதும் கொறைச்சுட்டீங்களா, விட்டே விட்டீங்களா, எப்பவுமே கெடையாதா?" என்று நான்கு வழிகளைத் திறந்துவைத்தால், "கொறைச்சுட்டேன்" என்ற வழியாகவாவது உண்மை வெளியே வரும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளும், கருவுற்ற பெண்கள் அனைவரிடமும், கூடிய வரையில் முதல் வருகையிலேயே தொடங்கி ஒவ்வொரு வருகையிலும், புகையிலைப் பயன்பாட்டையும் பிறர் விடும் புகையையும் பற்றிக் கேட்கச் சொல்கின்றன. ஒருவரை மட்டும் தனியாகக் கேட்டால் அது சந்தேகம். எல்லாரையும் கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

இங்கிலாந்தில் கர்ப்பிணிகளின் முதல் பரிசோதனையிலேயே மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்லி அளந்துவிடுகிறார்கள். அது கிடைத்தால் நம்முடைய வேலை சுலபமாகிவிடும் என்று உங்கள் சக பணியாளர்கள் நினைக்கலாம். புகையிலை மெல்லுபவரின் மூச்சில் அந்த வாயு ஏறாது. விறகடுப்பில் சமைப்பவர் எதையும் புகைக்காமலேயே அளவு கூடிவரலாம். ஆகவே நம் ஊரில் கருவியைவிட உங்கள் நாக்குதான் உதவும்.

பயிற்சி நேரத்தை எதில் செலவிடுவது

தீமைகளைப் பற்றிய பாடத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். புகையிலையிலுள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவற்றால் எடைக் குறைவு, குறைமாதப் பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. மென்றால் இவ்வளவு பாதிப்பு வராது என்பவர்களுக்கு, மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம்: புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. பாடம் இவ்வளவு போதும்.

புற்றுநோய்ப் படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2016 முதல் புகையிலைப் பாக்கெட்டின் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படமே அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பிரிக்கிறார்கள். பயந்துபோன பெண் பழக்கத்தை விடுவதைவிட, பயமுறுத்திய செவிலியரை விட்டுவிலகுவது சுலபம் என்பதை நீங்கள் இரண்டு மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மீதி நேரம் முழுவதையும் பேசிப் பழகுவதற்குக் கொடுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் செவிலியராகவும் ஒருவர் கர்ப்பிணியாகவும் பேச, மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் கவனிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறட்டும். கர்ப்பிணியாக நடித்தவரிடம், "எந்த வார்த்தையில உங்களுக்கு எந்திரிச்சுப் போகணும்னு இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நான் நடத்திய வகுப்புகளில், எத்தனையோ ஆண்டு அனுபவமுள்ளவர்கள் தங்கள் வாயிலிருந்து "அறிவு இருக்கா" என்ற சொல் வருவதைத் தாங்களே கேட்டுத் திடுக்கிட்டதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி பெற்ற பணியாளர்களிடம் வரும் மக்களில் பழக்கத்தை விடுபவர்கள் கூடுகிறார்கள் என்று மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட தொகுப்பும் காட்டியிருக்கிறது. ஆகவே இந்த ஒரு பிற்பகல் வீண் போகாது என்ற நம்பிக்கையோடு நடத்துங்கள்.

உலகெங்கும் இதற்குச் சொல்லிக்கொடுக்கும் ஐந்து படிகளை நம் வழக்கில் சொல்வதானால்: கேளுங்கள், விடச் சொல்லுங்கள், மனநிலையை அறியுங்கள், உதவுங்கள், தொடர்ந்து பாருங்கள். முதல் மூன்றுக்கும் சேர்ந்து ஐந்து நிமிடம் கூட ஆகாது. நாம் பெரும்பாலும் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறோம். நான்காவதில்தான் அந்தப் பெண்ணுக்கு நாம் தேவைப்படுகிறோம். ஓர் உதாரணம் சொல்கிறேன். "அது போட்டாத்தான் காலையில வயிறு போகும்" என்று பல பெண்கள் சொல்வார்கள். அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிகோடின் குடலைத் தூண்டக்கூடியது. அதை நிறுத்தினால் மலச்சிக்கல் வரும். கருவுற்ற உடலில் அது ஏற்கெனவே உண்டு. நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அதை இன்னும் கூட்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அவர் மாத்திரையைத் தூக்கி எறிவார் அல்லது புகையிலைக்குத் திரும்புவார். நிறையத் தண்ணீர், கீரை, கொய்யா, தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு ஒரு மருந்து என்று அந்த முதல் வாரத்துக்கு வழி செய்து கொடுப்பதே உதவி. போயிலை இருந்த சுருக்குப்பையில் ஏலக்காயும் காய்ந்த நெல்லிக்காயும் சோம்பும் இருக்கட்டும்; வாய் எதையாவது தேடும் அந்தச் சில நிமிடங்களைக் கடந்துவிட்டால் அந்த வேளையின் ஆசை தானாக அடங்கும். எரிச்சலும் தலைவலியும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் கடுமை. சில வாரங்களில் தணிந்துவிடும்.

சில நம்பிக்கைகள் வகுப்பிலேயே எழும். திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு அதிர்ச்சி என்பார்கள். அப்படி ஓர் ஆபத்தும் இல்லை, உடனே நிறுத்துவதே நல்லது. மசக்கைக்கு வெற்றிலையும் போயிலையும் அடக்கம் தரும் என்பார்கள். குமட்டலுக்குப் பாதுகாப்பான மருந்துகள் நம் நிலையத்திலேயே இருக்கின்றன. பிள்ளை சிறியதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் மனம் பதறும். புகையிலையால் சிறுத்த குழந்தை சுலபமாகப் பிறந்தாலும் பாலைச் சப்பவும் சூட்டைக் காக்கவும் திணறி, இங்குபேட்டருக்குள் கிடக்க நேரலாம். எட்டாம் மாதத்தில் விட்டு என்ன பயன் என்பார்கள்; குழந்தை வேகமாக எடை கூடும் காலமே அதுதான். போயிலையை விட்டுப் பாக்கை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவரிடம், புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்தியதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் முதல் நாளே இரண்டையும் பிடுங்காதீர்கள். போயிலை போகட்டும், அடுத்த வருகையில் பாக்கைப் பேசலாம்.

அட்டையும் ரகசியமும்

தாய் சேய் நல அட்டை வீட்டில் எல்லார் கையிலும் புரளும். கணவர் பார்ப்பார், நாத்தனார் பார்ப்பார், மொய் எழுத வந்தவர்கூடப் பார்ப்பார். ஆகவே புகையிலைப் பழக்கத்தை உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள். அட்டையில் எழுதுவதானால் அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு எழுதுங்கள். அவர் உங்களிடம் சொன்னதை அவர் அனுமதியின்றி வீட்டாரிடம் சொல்லாதிருப்பது மருத்துவப் பணியின் அடிப்படை ஒழுக்கம். "எழுதுனா பணம் நின்னுருமா?" என்ற பயமும் பலருக்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் புகையிலை ஒரு நிபந்தனையே இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்கு வராமல் இருப்பதுதான் அந்த உதவிக்குத் தடையாகும்.

திண்ணையில் குடிக்கும் பீடி

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேற்சொன்ன கணக்கெடுப்பில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள். "நான் திண்ணையிலதான் குடிக்கிறேன்", "முற்றம் தொறந்து கெடக்கு, புகை மேல போயிடும்" என்று ஆண்கள் மனதறிந்து பொய் சொல்வதில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். திண்ணைப் புகை வாசல் வழியாகவே பட்டாலைக்குள் வருகிறது. சட்டையிலும் கையிலும் ஒட்டியதோடு அவர் குழந்தையைத் தூக்குகிறார். புகைக்கு ஆளாகும் கைக்குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலும் காதில் சீழும் மூச்சிழுப்பும் கூடுதலாக வரும். தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்தும் கூடும். ஸ்கேன் எடுக்கும் நாளில் கணவர் வண்டியோடு வெளியே நிற்பார், அவரை உள்ளே அழைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்துவிட்டு, "நீங்க எப்ப விடப்போறீங்க, தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். உதவியை அவருக்கும் கொடுங்கள். வீட்டில் பீடி புகைந்துகொண்டிருக்க, மனைவி மட்டும் போயிலையை விட வேண்டும் என்பது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது.

உங்கள் குழுவில் உள்ள சுகாதார ஆய்வாளர் தாமே புகைப்பவர் என்று தயங்குகிறீர்கள். அவரும் வரட்டும். அவருக்கு விருப்பமிருந்தால் விடுவதற்கான உதவியை முதலில் அவருக்கே செய்யுங்கள். ஆண்களிடம் பேச உங்களுக்கு அவர் வேண்டும்.

சூயிங்கமும் தொலைபேசி எண்ணும்

நிகோடின் சூயிங்கத்தை நீங்களாகக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் அதைக் கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரை உறுதி சொல்லவில்லை. புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் புப்ரோபியான், வரெனிக்லின் ஆகிய மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பரிந்துரைக்கவில்லை. பேசி முயன்றும் முடியாதவரை மருத்துவரிடம் அனுப்புங்கள், முடிவு அவருடையது. கணவரின் நிலை வேறு. அவருக்கு மருத்துவர் மருந்து எழுதலாம். 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது அலமாரியில் தூங்கும். உங்கள் முன்னாலேயே அவர் கைபேசியிலிருந்து ஒரு முறை பேச வைத்துவிடுங்கள்.

பிள்ளை பெற்ற பிறகு

பழைய பழக்கம் திரும்பி வருவது இங்கேதான். கர்ப்பத்தில் விட்டவர்களில் பெரும்பகுதியினர் பிரசவமான ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். நம் ஊரில் அதற்கு இரண்டு காரணங்கள் கூடுதலாக உண்டு. பத்தியச் சோற்றுக்குப் பின் "செமிக்கும், பால் ஊறும்" என்று வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அப்பத்தா, பாசத்தோடு துளிப் போயிலையையும் வைத்துவிடுவார். அதைவிடப் பெரிய ஓட்டை, தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவது. வளைகாப்பு முடிந்து அவர் தேவகோட்டைப் பக்கம் போனால், ஏழு மாதம் அவரோடு பேசிப் பழகிய நீங்கள் இங்கே. அவரைப் பற்றி ஒன்றும் அறியாத செவிலியர் அங்கே. பெண்ணின் சம்மதத்தோடு அந்தச் செவிலியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, "இவங்க போயிலையை விட்டு மூணு மாசமாச்சு, பாத்துக்கங்க" என்று ஒப்படைப்பதையும் உங்கள் பயிற்சியில் ஒரு கடமையாகச் சேருங்கள். புதன்கிழமைத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாய் மறுபடி புகையிலை போட்டுவிட்டார் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். விடும் வரையில், பால் கொடுத்து முடித்த பிறகே போடட்டும், இடைவெளி நீளட்டும்; பால் தொடரட்டும்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. ஏழாம் மாதம் நடக்கிறது, ஹீமோகுளோபின் 8.9 இருந்தவர், பயிற்சி நாள் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்வாருங்கள். மாமியார் கோயிலுக்கோ கடைக்கோ போகும் வேளையாகப் பார்த்துப் போனால் நல்லது; அவர் வாசலிலேயே இருந்தால், "ஆத்தா, இரத்தம் பாத்து மாத்திரை குடுக்கத்தான் வந்தேன்" என்று சொல்லி உள்ளே போங்கள். அந்தப் பெண்ணிடம் போயிலை என்ற பேச்சையே முதலில் எடுக்காதீர்கள். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா, மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, இரத்த அழுத்தம் பாருங்கள், வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், குழந்தையின் துடிப்பை அவரையும் கேட்க வையுங்கள். அவராக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த பரிசோதனைக்கு எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் கேட்டு, அந்தத் தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.